வன்னியில் கிரவலும் கல்லும்: முதல் வாளி மண் எடுக்குமுன் உரிமையை உறுதிசெய்வது எப்படி

காணி உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம். மண்வெட்டியால் ஒரு முழம் கிளறினாலே சிவந்த கிரவல் (சரளை மண்) தெரியலாம். அப்படியிருந்தும் சட்டப்படி அந்தக் கிரவல் உங்களுடையது இல்லை. மேற்பரப்பு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அதன் கீழே கிடக்கும் கனியம் குடியரசுக்கு உரியது என்று 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் சொல்கிறது. இல்மனைட்டும் காரீயமும் மட்டுமில்லை, கட்டட மணல், கிரவல், செங்கல் களி, கருங்கல் எல்லாமே கனியம்தான். தேடுவதற்கும், அகழ்வதற்கும், ஏற்றிச் செல்வதற்கும், பதப்படுத்துவதற்கும், விற்பதற்கும், ஏற்றுமதி செய்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் உரிமம் வேண்டும். ஊரில் இதைச் சுருக்கமாகக் ‘கனியவளம்’ என்பார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டம் 2009இல் 66ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது.

ஆகவே ஒரு கிடங்கு, அதாவது அகழ்வுக் குழி, திறக்க இரண்டு உரிமைகள் கையில் இருக்க வேண்டும். ஒன்று நிலத்தின் மேல் நிற்கும் உரிமை. அது காணிக்காரரிடமிருந்தோ அரசிடமிருந்தோ வரும். மற்றது நிலத்துக்குள் இருப்பதை எடுக்கும் உரிமை. அது பணியகத்திடமிருந்து வரும். வன்னியில் பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குவது முதலாவதில். பலர் கனியவளப் படிவத்தை முதலில் நிரப்பி, கட்டணமும் கட்டி, சேவையரையும் கூப்பிட்டு அளந்த பிறகுதான் அந்தக் காணி வனவளத் திணைக்களத்தின் வரைபடத்துக்குள் கிடக்கிறதென்று அறிகிறார்கள். அந்தச் செலவு திரும்பி வராது. அதனால் இந்த வழிகாட்டியில் காணிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

காணி என்ன காணி?

விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) ‘இது யாருடைய காணி’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இது எந்த வகைக் காணி’ என்று கேளுங்கள். வன்னியில் நான்கு வகை அடிக்கடி வரும்.

உறுதிக்காணி என்றால் உறுதியின் பிரதியை மட்டும் நம்பாமல் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி) எடுத்துப் பாருங்கள். ஈடு, வழக்குப் பதிவு, முன்னைய குத்தகை எல்லாம் தோம்பில்தான் தெரியும். பல காணிகள் இன்னும் பிரிக்கப்படாத பங்குகளாகவே கிடக்கின்றன. ஆறு பிள்ளைகளின் பங்கில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் அது ஆறிலொரு பங்குக்கான சம்மதம் மட்டுமே. மற்றவர்கள் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால் ஒவ்வொருவரிடமிருந்தும் அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) வேண்டும். அது அந்நாட்டு இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தப்பட்டு இங்கே பதியப்பட்டிருக்க வேண்டும். தத்துவத்தில் ‘காணியைப் பராமரிக்க’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. குத்தகைக்குக் கொடுக்கவும், மண், கல் அகழ்வதற்குச் சம்மதம் வழங்கவும் அதிகாரம் தருவதாகச் சொல்லால் எழுதியிருக்க வேண்டும். தேசவழமைக்கு (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட குடும்பமாயின், மணமான பெண்ணின் பெயரிலுள்ள காணிக்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் சேர்த்தே வாங்குங்கள்.

இரண்டாவது, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெமிட் (அனுமதிப்பத்திர) காணியும் அளிப்புப் பத்திரக் காணியும். குடியேற்றத் திட்டங்களில் பெரும்பகுதி இதுதான். பெமிட் குடியிருக்கவும் பயிர் செய்யவும் தரப்பட்டது. அதை வெளியாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பதும், கிடங்காக வெட்டுவதும் நிபந்தனை மீறல். பெமிட்டே இரத்தாகலாம். ஒரு குடும்பத்துக்கு இருக்கும் ஒரே காணி அதுவாக இருக்கும்போது, சில லட்சம் ரூபாய் மண்ணுக்காக அதைப் பணயம் வைக்கச் சொல்வது அநியாயம். பெமிட் காணியில் அகழத்தான் வேண்டுமென்றால் பிரதேச செயலகக் காணிக் கிளை வழியாகக் காணி ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியை முதலில் கேளுங்கள். அது வரும்வரை பெமிட்காரரிடம் முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். இடப்பெயர்வில் பெமிட் தொலைந்திருந்தால் காணிக் கிளையின் பதிவேட்டிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

மூன்றாவது அரச காணி. இதற்கு 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குத்தகையோ அனுமதியோ பிரதேச செயலாளர் ஊடாகப் பெற வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வழி சரிவராது.

நான்காவதுதான் மிகக் கவனம் வேண்டியது: காடாகிப்போன காணி. சண்டைக் காலத்தில் கைவிட்டுப் போன மேட்டுக்காணிகளில் பாலையும் வீரையும் முளைத்து இப்போது காடாக நிற்கின்றன. பலவற்றை வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டுத் தன் வரைபடத்துக்குள் எடுத்திருக்கிறது. கையில் உறுதியோ பெமிட்டோ இருந்தாலும், கல் போட்ட காணியில் அந்தப் பிணக்குத் தீராமல் எந்த உரிமமும் கிடைக்காது. காணிக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எல்லையோரத்தில் சிறிய கொங்கிரீட் கல்லோ மரத்தில் வர்ண வளையமோ இருந்தால் அன்றைக்கே நில்லுங்கள். வட்டார வன அலுவலகத்தில் ஆள்கூறுகளைக் கொடுத்து ‘இந்த இடம் ஒதுக்கக்காட்டுக்கோ ஏனைய அரச காட்டுக்கோ உட்பட்டதா’ என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை வைத்து ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

கைவைக்கவே கூடாத இடங்கள்

சட்டமே தடுத்திருக்கும் இடங்கள் சில உண்டு: தொல்பொருள் ஒதுக்கிடமும் புராதனச் சின்னத்தின் சுற்றுப்புறமும், மயானம், குளம், அணைக்கட்டு, ஓடை, நீரேந்துப் பரப்பு ஆகியவற்றிலிருந்து விதித்த தூரத்துக்குள் வரும் நிலம், பொதுக் கட்டுமானங்களுக்கு அண்மையிலுள்ள நிலம், கடற்கரையோரம். வன்னியில் குளத்தின் அலைகரைதான் (நீர் நிரம்பும்போது மூழ்கும் பரப்பு) எல்லாருக்கும் ஆசை காட்டுவது. கோடையில் வற்றிக் கிடக்கும்போது வெறும் தரைபோலத் தெரியும். அது குளத்தின் உடல். அலைகரையில் கிடங்கு வெட்டினால் களிப்படை கிழிந்து நீர் கீழே கசியும். வான் பாயும் அளவுக்கு நிரம்பிய குளமும் சிறுபோகத்துக்குத் தாங்காமல் போகும். சிறு குளமானால் கமநல அபிவிருத்தித் திணைக்களமும், நடுத்தர, பெருங்குளமானால் நீர்ப்பாசனத் திணைக்களமும் பொறுப்பு. 80 ஹெக்டயர் வரை பாய்ச்சும் குளம் சிறு குளம் என்று கணக்கு. எதுவானாலும் அந்தக் குளத்தின் கமக்கார அமைப்போடு முதலிலேயே பேசுங்கள். அவர்கள் எதிர்த்தால் எந்தக் கடிதமும் நகராது, அவர்கள் எதிர்ப்பதிலும் நியாயம் இருக்கும்.

வயற்காணி வேறு விடயம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரப்புவதற்கு மட்டுமல்ல, வயலிலிருந்து மண் அள்ளுவதற்கும் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ‘வயலை மட்டப்படுத்துகிறோம்’ என்று சொல்லி மண் ஏற்றுவது பலமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

வனவிலங்குப் பிரதேசங்களுக்கு ஒரு மைல் கணக்கு இருக்கிறது. தேசிய ஒதுக்கமொன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் வரும் அபிவிருத்தி வேலைக்கு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனியான சுற்றாடல் மதிப்பீடும் அனுமதியும் தேவை. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசிய பூங்காக்களாயின. அந்தப் பக்கம் காணி என்றால் எல்லையிலிருந்து 1.6 கிலோமீற்றரை அளந்து பார்க்காமல் தொடங்காதீர்கள். கரையோரமாயின் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் மணலில் கைவைக்க முடியாது.

இன்னொன்று வன்னிக்கே உரியது. காணி கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைக் கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடிச் செயற்பாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒப்படைப்புச் சான்றிதழ் இருந்தால் அதில் எழுதியிருக்கும் ஆழத்தைப் படியுங்கள். மக்கள் குடியிருக்கவும் பயிரிடவும் போதிய ஆழத்துக்கே துப்புரவு செய்திருப்பார்கள். நீங்கள் இறங்கப் போவது ஒன்றரை இரண்டு மீற்றர். மண்ணணை, பதுங்குகுழி இருந்த வரிசையென்றால், காணி ஒப்படைக்கப்பட்டிருந்தாலும் பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) இறக்குவதற்கு முன் அந்த அலுவலகத்திடம் மீள் பரிசோதனை கேளுங்கள். பெக்கோ ஓட்டப்போகும் பொடியனின் உயிர் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது

புவியியலாளர் இலங்கையின் பழம்பாறைகளைப் பெரிதாக மூன்று தொகுதிகளாகப் பிரிக்கும்போது ஒன்றுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர். வவுனியாவிலும் முல்லைத்தீவின் உட்பகுதியிலும் தலைகாட்டும் கருங்கல் அதைச் சேர்ந்தது. அந்தப் பாறை உக்கி மேலே சேர்ந்ததுதான் கிரவல். வடமேற்கே பூநகரி, மன்னார்ப் பக்கம் போனால் குடாநாட்டுச் சுண்ணக்கல்லின் தொடர்ச்சி வரும். முருங்கன் களி ஒரு காலத்தில் காங்கேசன்துறை சீமெந்துக்குப் போனது. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை அமைந்ததும் களியை நம்பித்தான். கொக்கிளாய்க் கரையின் கரிய மணலில் இல்மனைட் உண்டு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

கிரவல் காணியில் ஆள்கையால் ஐந்தாறு சோதனைக் குழிகள் போதும். ஒரு மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் வரை ஆழம். காணிக்காரரின் எழுத்துச் சம்மதத்தோடு, பணியகப் பிராந்திய அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு வெட்டுங்கள். குழியின் ஒரு சுவரைக் கத்தியால் நேராகச் சீவிவிட்டுப் பாருங்கள். மேலே ஒரு சாண் கருமண், வேர் பின்னிக் கிடக்கும். அதன் கீழ் சிவப்பும் மஞ்சளுமாய், கடலையளவு இரும்புக்கல் உருண்டைகளோடு கிரவல். கையில் எடுத்து நசித்தால் உருண்டைகள் தனியே நிற்கும், நடுவிலுள்ள களி விரலில் ஒட்டும். இன்னும் கீழே போனால் உருண்டைகள் குறைந்து, வெள்ளையும் சிவப்புமான புள்ளிக் களி தொடங்கும். அந்த இடத்தில் நாடாவை வைத்து அளவெடுத்துப் படம் பிடியுங்கள். உங்கள் அகழ்வின் அடிமட்டம் அதுதான். அதற்குக் கீழே வெட்டினால் விற்க முடியாத களியும் தேங்கும் தண்ணீருமே மிஞ்சும். அளவெடுத்து முடிந்தவுடன் குழிகளை மூடிவிடுங்கள். மாடும் பிள்ளைகளும் திரியும் காணி.

இப்போது கணக்கு. இரண்டு ஏக்கர் காணி ஏறத்தாழ 90 மீற்றருக்கு 90 மீற்றர், 8,100 சதுர மீற்றர். எல்லையோரம் சுற்றிவர 10 மீற்றர் வெட்டாமல் விட்டால் மிஞ்சுவது 70க்கு 70, அதாவது 4,900 சதுர மீற்றர். பத்தே மீற்றர்தான் விட்டீர்கள், பரப்பில் 40 வீதம் போய்விட்டது. ஒரு ஏக்கருக்குக் குறைந்த துண்டுகள் பெரும்பாலும் சரிவராததற்குக் காரணம் இதுதான். மேல்மண் 0.3 மீற்றர், கிரவல் 1.2 மீற்றர் என்று வையுங்கள். ஓரங்களை ஒன்றுக்கு ஒன்று சரிவாக விட்டால் எடுக்கக்கூடிய கிரவல் சுமார் 5,580 கன மீற்றர். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆக நிலத்துக்குள் சுமார் 1,970 கியூப்.

தகராறு பிறப்பது இங்கேதான். வெட்டியெடுத்த மண் உதிர்ந்து பெருகும். ஐந்திலொரு பங்கு பெருகினால் டிப்பரில் ஏறுவது சுமார் 2,360 கியூப். மூன்று கியூப் டிப்பரில் 790 லோட்டுக்குச் சற்றுக் குறைவு. அகழ்வுத் திட்டத்தில் 1,970 என்று எழுதி அதே எண்ணுக்கு உரிமம் வாங்கினால், லோட் கணக்குப்படி உங்கள் உரிமத்தின் அளவு கிரவல் முடிவதற்கு முன்பே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஏற்றும் ஒவ்வொரு லோட்டும் களவு மண். விண்ணப்பத்தில் எது நிலத்து அளவு, எது ஏற்றும் அளவு என்று இரண்டையும் தனித்தனியே எழுதி, பெருக்க வீதத்தையும் குறிப்பிடுங்கள். காணிக்காரரோடு கியூப் கணக்கில் காசு பேசும்போதும் டிப்பர் கியூப் என்று எழுத்தில் வையுங்கள்.

காணிக்காரரோடு எழுதும் பத்திரம்

வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்குவது வன்னியில் பெருவழக்கு. அது செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் குறைந்தது இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்கிறது. சேர்ந்து தொழில் தொடங்கியவர்கள் இடையில் முரண்படும்போது வெள்ளைத்தாள் இரண்டு தரப்புக்குமே உதவாது. நொத்தாரிசுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பத்திரத்தில் காணி முழுவதையும் எழுதாமல் சேவையர் வரைபடத்தில் குறித்த துண்டை மட்டும் எழுதுங்கள். எந்தக் கனியம், எவ்வளவு ஆழம் வரை, எந்தப் பாதையால் ஏற்றுவது, கியூப்புக்கு எவ்வளவு, யார் மூடிக் கொடுப்பது, மேல்மண் யாருக்கு என்பவை தெளிவாக வரட்டும். குத்தகைக் காலம் உரிமக் காலத்தோடு முடிந்துவிடக் கூடாது. மூடிச் சீரமைக்க ஆறு மாதமாவது கூட்டி எழுதுங்கள். குத்தகை முடிந்தபின் காணிக்குள் கால் வைக்க முடியாமல் போனால் சீரமைப்புக்குக் கட்டிய வைப்புப் பணத்தை மீட்க வழியில்லை. உரிமம் கிடைக்காவிட்டால் பத்திரம் தானாக இரத்து, முற்பணம் திரும்ப வேண்டும் என்ற வாசகத்தை விட்டுவிடாதீர்கள். உரிமத்தை யார் பெயரில் எடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பணியகத்தின் அனுமதியின்றி அதைக் கைமாற்ற முடியாது.

வரைபடமும் ஆள்கூறும்

உரிமம் பெற்ற நில அளவையாளர் எல்லைக்கற்களை நட்டு ஆள்கூறுகளோடு வரைபடம் தர வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. நாட்டில் இரண்டு ஆள்கூற்று முறைகள் புழங்குகின்றன. பழைய வரைபடங்கள் பீதுருதாலகாலையில் 2,00,000 என்று எண்ணத் தொடங்குவன. 1999இன் புதிய முறை அதே இடத்தில் 5,00,000 என்று தொடங்கும். புதிய முறையில் வவுனியாப் பக்கத்து வடக்கு எண் 6,90,000க்குச் சற்று மேலும், கிளிநொச்சிப் பக்கத்தில் 7,60,000ஐ ஒட்டியும் வரும். உங்கள் தாளில் 3,90,000 அல்லது 4,60,000 என்றிருந்தால் அது பழைய முறை. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காதீர்கள். கைபேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கு வேறு அடிப்படையில் உள்ளது. மாற்றாமல் அப்படியே குறித்தால் இடம் நூறு மீற்றருக்கு மேல் தள்ளி விழும். வன எல்லை பக்கத்தில் இருக்கும் காணிக்கு இந்த ஒரு பிழையே நிராகரிக்கப் போதும்.

வரைபடத்தில் எல்லையை மட்டும் கீறி விடாமல் 500 மீற்றருக்குள் உள்ள வீடு, கிணறு, பாடசாலை, கோயில், குளக்கட்டு, மின்கம்பி, வீதி எல்லாவற்றையும் தூரத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். கள ஆய்வுக்கு வருபவர் எப்படியும் பார்க்கப் போகிறார். நீங்களே காட்டினால் நம்பிக்கை வரும்.

எந்தக் கதவை எப்போது தட்டுவது

ஆள்கூறும் வரைபடமும் கைக்கு வந்ததும் வனவளம், வனஜீவராசிகள், தொல்பொருள், கமநலம் அல்லது நீர்ப்பாசனம், பிரதேச சபை ஆகியவற்றுக்கு ஒரே நாளில் கடிதம் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் பெற்றதற்கான திகதி முத்திரையைப் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்தபின் மற்றது என்று போனால் வருடம் போய்விடும். கால் ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்தில் வேலை என்றால் தொல்பொருள் மதிப்பீட்டுக் கேள்வி எழும். பழைய குளங்களும் இடிபாடுகளும் நிறைந்த வன்னியில் இதைச் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம். சோதனைக் குழியில் பழைய செங்கல் துண்டோ கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடோ வந்தால் நிறுத்திவிட்டு அறிவியுங்கள்.

சுற்றாடல் பக்கம் இரண்டு படி. சிறு கிடங்கு, குவாரிக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். பெரிய வேலையென்றால் அதற்கு முன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு அல்லது ஆரம்பச் சுற்றாடல் ஆய்வு. எது பெரியது என்பதை 1993 யூன் 24ஆம் திகதிய வர்த்தமானி சொல்கிறது: மொத்தம் 10 ஹெக்டயரைத் தாண்டும் மேற்பரப்பு அகழ்வு, 25 மீற்றரிலும் ஆழமான சுரங்கம், கடலுக்குள் அகழ்வு, குடியிருப்பிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் இயந்திரத்தால் கருங்கல், சுண்ணக்கல், சிலிக்கா போன்றவற்றை அகழ்வது. கல்குவாரி போட நினைப்பவர்கள் கடைசியை இரண்டு தரம் படியுங்கள். ஒரு கிலோமீற்றருக்குள் வீடே இல்லாத கல்மலை வன்னியில் பெரும்பாலும் காட்டுக்குள்தான் இருக்கும்; அங்கே வன எல்லை தடுக்கும். முழு மதிப்பீடு என்றால் அறிக்கை 30 வேலை நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்.

பிறகுதான் பணியக விண்ணப்பம். கைத்தொழில் அகழ்வு உரிமம் வகைகளாகப் பிரிந்திருக்கிறது. மாதம் எவ்வளவு எடுக்கிறீர்கள், இயந்திரமா கையா, வெடி வைக்கிறீர்களா, எவ்வளவு ஆழத் துளை என்பவற்றைப் பொறுத்து வகை மாறும். கையால் சிறு அளவில் எடுப்பவர்களுக்குச் சாதாரண அகழ்வு உரிமம் தனியாக உண்டு. கட்டணம் குறைவென்று கீழ்வகையில் எடுத்துவிட்டுப் பெக்கோ இறக்கினால் உரிமம் இருந்தும் இல்லாததற்குச் சமம். உறுதி அல்லது குத்தகைப் பத்திரம், தோம்புப் பிரதி, வரைபடம், அகழ்வுத் திட்டம், சீரமைப்புத் திட்டம், அடையாள அட்டை அல்லது கம்பனிப் பதிவு ஆகியன சேர வேண்டும். கள ஆய்வுக்கு வரும் பொறியியலாளரிடம் இந்த இடத்துக்கு வேண்டிய அனுமதிகள் எவையென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியல் கைக்கு வந்தால் பின்னால் புதிதாக ஒன்று முளைக்காது.

காலத்தைப் பாருங்கள். ஐப்பசி தொடங்கினால் வடகீழ்ப் பருவமழை. பாதை சேறாகும், குழியில் தண்ணீர் நிற்கும், ஆய்வு தை வரை தள்ளும். காலபோக அறுவடை முடிந்தவுடன், மாசி பங்குனியில் கடிதங்களைக் கொடுப்பதே புத்தி.

சீரமைப்புக்கான வைப்புப் பணமும் முற்கூட்டிய உரிமைக் கட்டணமும் கட்டியபின் உரிமம் வரும். மேலே சொன்ன கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டிய மேல்மண் மட்டும் 1,470 கன மீற்றர். அதைக் குவிக்க அந்த 10 மீற்றர் ஓரத்தைத் திட்டத்திலேயே காட்டுங்கள். மேல்மண்ணைக் கிரவலோடு சேர்த்து விற்றுவிட்டால் பிறகு அந்தக் காணியில் புல்லும் முளைக்காது, வைப்புப் பணமும் வராது.

பதில் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பின் நிலையைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பக்கத்துக் காணிக்காரருக்கும் இதே உரிமை உண்டு. உங்கள் அகழ்வுத் திட்டத்தையும் நிபந்தனைகளையும் அவர் எடுத்துப் படிக்கலாம். படித்தால் வெட்கப்படத் தேவையில்லாத திட்டமாக எழுதுங்கள்.

வெடி வைப்பதாயின்

வெடிபொருளுக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் தனி அனுமதி. மாவட்டச் செயலகம், பாதுகாப்பு அமைச்சு, பொலிஸ் எனப் பல கைகள் தொடும் கோப்பு இது; வடக்கில் இன்னும் இறுக்கம். வெடி வைப்பவர் பயிற்சியும் அனுமதியும் உள்ளவராக இருக்க வேண்டும். முதல் வெடிக்கு முன் சுற்றியுள்ள வீடுகளின் சுவர் வெடிப்புகளைத் திகதியோடு படமெடுத்து வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்குங்கள். பழைய வெடிப்பு எது, புதிய வெடிப்பு எது என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் நியாயம் கிடைக்காது.

கனிய மணல், சுண்ணக்கல் போன்றவை

துளையிட்டு அளக்க வேண்டிய படிவுக்கு முதலில் தேடலாய்வு உரிமம். நிலம் 1 சதுர கிலோமீற்றர் கட்டங்களாகக் கணக்கிடப்படும். கட்டங்களுக்கு உள்ளே தேடும் தனியுரிமை உரிமதாரருக்கு. அது தேடும் உரிமை மட்டுமே. மாதிரி எடுக்கலாம், விற்க முடியாது. காணிக்குள் நுழையக் காணிக்காரரின் சம்மதமும் தனியே வேண்டும். கரையோரக் காணிக்காரர்கள் ‘சும்மா மண் பார்க்கத்தான்’ என்று நீட்டப்படும் தாளில் கையெழுத்திடுமுன், அது துளையிட மட்டுமா, பின்னர் அகழவும் சம்மதமா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதிய பிரதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் கையெழுத்திட வேண்டாம்.

முதல் நாள்

உரிமம் கையில் வந்த அன்றைக்கே வாளி இறக்க வேண்டாம். உரிமத்தில் எழுதிய ஆள்கூறுகளையும் கல் நட்ட இடங்களையும் சேவையரோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இப்போதுதான் திருத்தலாம். எல்லைக்கற்களுக்கு வெள்ளையடியுங்கள். உரிம இலக்கம், பெயர், கனியம், முடியும் திகதி எழுதிய பலகையை வாசலில் நடுங்கள். கிடங்கைச் சுற்றி முள்ளுக்கம்பி அடியுங்கள். மாரியில் நிரம்பும் கிடங்குகள் வன்னியில் பிள்ளைகளை விழுங்கியிருக்கின்றன. அகழ்வு உரிமம் வீதியில் ஓடும் டிப்பரைக் காக்காது. ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திரம் தனி. திகதி, நேரம், வாகன இலக்கம், அளவு நிரப்பிய மூலப்பத்திரம் சாரதியிடம் இருக்க வேண்டும், போட்டோப் பிரதி செல்லாது. வாசலில் ஒரு கொப்பி வைத்து ஒவ்வொரு லோட்டையும் அனுமதிப்பத்திர இலக்கத்தோடு எழுதுங்கள். உரிமம் புதுப்பிக்கும்போது பணியகம் கேட்பது அந்தக் கொப்பியைத்தான். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முடியும் திகதிக்கு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.